நகராத பக்கமும் இறங்காத கோப்பும்



தேர்வு ஒன்றுக்கு விண்ணப்பம் அனுப்புவதற்கு இன்றே கடைசி நாள் என்று வைத்துக்கொள்வோம். மாணவி ஒருத்தி தன் கைப்பேசியில் விண்ணப்பப் படிவத்தைத் திறந்து, பெயர், பிறந்த நாள், பெற்றோர் பெயர், படித்த பள்ளி, பெற்ற மதிப்பெண் என நாற்பது கட்டங்களையும் பொறுமையோடு நிரப்பிவிட்டாள். அனுப்புவதற்கு முன்னர் முதற் கட்டத்தை ஒருமுறை பார்த்துவிடலாம் என்று எண்ணி, விரலால் திரையைக் கீழ்நோக்கி இழுக்கிறாள். பக்கத்தின் உச்சி வந்த பின்னரும் விரல் நிற்கவில்லை. இன்னும் ஓர் அங்குலம் இழுத்துவிடுகிறது. திரையின் தலைப்பில் சிறு வட்டம் ஒன்று சுழல்கிறது. அடுத்த கணம் படிவம் வெறும் படிவமாக நிற்கிறது. நிரப்பிய நாற்பதும் மறைந்தன.

கைப்பேசியில் பழுது ஒன்றும் இல்லை. இணையத் தொடர்பும் அறுபடவில்லை. உச்சிக்கு வந்துவிட்ட பக்கத்தை மேலும் இழுத்தால், ‘இப்பக்கத்தை மீண்டும் புதிதாகக் கொண்டு வா’ என்பது அதன் பொருள் என்று கைப்பேசி உலாவிகளை ஆக்கியோர் வகுத்திருக்கிறார்கள். செய்தி படிப்பவருக்கு அது வசதி. படிவம் நிரப்புவோருக்கு அதுவே இடர். உலாவி தரும் தொல்லைகளுள் பல இவ்வகையைச் சேர்ந்தவை. கருவி தனக்கு இட்ட கட்டளையைச் செவ்வனே நிறைவேற்றுகிறது. அக்கட்டளை இன்னது என்று நமக்குத் தெரிவதில்லை. ஆகவே நீண்ட படிவத்தின் விவரங்களை முன்னதாகவே கைப்பேசியின் குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொண்டு, அங்கிருந்து எடுத்து ஒட்டுவது நன்று. படிவத்தில் ‘சேமி’ என்னும் பொத்தான் இருக்குமாயின், கட்டத்துக்குக் கட்டம் அதனைப் பயன்படுத்தத் தயங்க வேண்டாம். வேறு ஒரு செயலிக்குப் போய் மீள்வதும் இத்தகைய இழப்பைத் தரக்கூடும். நினைவகம் குறைந்த கைப்பேசி, நாம் புகைப்படம் எடுக்கப் போன நேரத்தில், பின்னால் கிடக்கும் பக்கத்தைக் கைவிட்டுவிடும். திரும்பி வந்ததும் அதனைப் புதிதாகத் தொடங்கும்.

இன்று இரண்டு தொல்லைகளைப் பற்றிப் பேச எண்ணுகிறேன். திரையில் உள்ள பக்கம் நாம் உருட்டியவாறு உருளாமை ஒன்று. கோப்பைப் பதிவிறக்கும்போது அது பாதியில் நின்றுபோதலும், இறங்கியும் திறவாமையும் மற்றொன்று. இரண்டுக்கும் நம்மவர் செய்யும் வைத்தியம் பெரும்பாலும் ஒன்றே. ‘எல்லாவற்றையும் அழித்துவிடு, உலாவியை நீக்கிவிட்டு மீண்டும் நிறுவு’ என்பர். இந்த வைத்தியத்தால் சேமித்து வைத்த கடவுச்சொற்கள் போகலாம். பாதி இறங்கிய கோப்பு போகலாம். நோயின் காரணம் மட்டும் போகாமல் இருந்துவிடும். நோயாளிக்கு இழப்பு ஒன்றும் தராத சோதனையை முதலிலும், இழப்புத் தரும் சோதனையைக் கடைசியிலும் செய்வது நல்ல மருத்துவர் வழக்கம் அன்றோ? அவ்வழக்கத்தையே நாமும் மேற்கொள்வோம்.

முதலில் உருட்டலைப் பார்ப்போம். ‘ஸ்க்ரோல்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்குச் சுருள் என்பது பொருள். பண்டை எகிப்தியரும் கிரேக்கரும் பப்பைரஸ் தாளை நீளமாக ஒட்டிச் சுருட்டி வைத்து, ஒரு கையால் விரித்தும் மறு கையால் சுருட்டியும் படித்தார்கள். பிற்காலத்தில் ஏடுகளை அடுக்கித் தைத்த புத்தகம் தோன்றி அச்சுருளை வென்றது. வென்றும் என்ன! கணினித் திரை வந்ததும், மனிதன் மறுபடியும் சுருளுக்கே திரும்பிவிட்டான்.

1990-ஆம் ஆண்டில் ஜெனீவா நகரை அடுத்த செர்ன் ஆராய்ச்சிக் கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ என்னும் ஆங்கிலேய அறிஞர் முதல் உலாவியை ஆக்கினார். அக்காலத்துப் பக்கங்கள் பெரும்பாலும் எழுத்து மட்டுமே கொண்டவை. 1993-இல் அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் பிறந்த மொசைக் உலாவி, எழுத்தோடு படத்தையும் ஒரே பக்கத்தில் காட்டி மக்களிடையே பரவியது. 1995-இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் என்பவர் ஜாவாஸ்கிரிப்ட் என்னும் நிரல்மொழியைப் பத்தே நாட்களில் வகுத்துக் கொடுத்தார். அன்றுதொட்டு இணையப் பக்கம் வெறும் தாளாக இருப்பதை விட்டு, தானே இயங்கும் ஓர் இயந்திரமாக மாறிவிட்டது. நாம் உருட்டுவது தாளை என்று எண்ணுகிறோம். உண்மையில் ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரம் ஒன்றை நகர்த்துகிறோம். பக்கம் விக்கி விக்கி நகர்வதன் இரகசியம் இதில்தான் அடங்கியிருக்கிறது.

பெரும்பாலான திரைகள் ஒரு நொடிக்கு 60 தடவை தம் காட்சியைப் புதுப்பிக்கின்றன. அப்படியானால் ஒரு காட்சிக்கும் அடுத்த காட்சிக்கும் இடையே கிடைக்கும் நேரம் எவ்வளவு? ஒரு நொடியை 1000 பங்காக்கினால், அவற்றுள் ஏறத்தாழ 16.7 பங்கு. அதற்குள் உலாவி, எழுத்துகள் எங்கே நிற்க வேண்டும், படம் எங்கே விழ வேண்டும் என்று கணக்கிட்டு, புதிய காட்சியை வரைந்து முடிக்க வேண்டும். முடித்தால், பக்கம் எண்ணெய் வார்த்தாற்போல் வழுக்கிச் செல்லும். அந்த நேரத்தில் பக்கத்திலுள்ள நிரல் ஏதேனும் ஒரு வேலையில் புகுந்து 100 பங்கு நேரத்தை விழுங்கிவிட்டால், ஆறு காட்சிகள் வாராமற்போகும். கண் அதனைத் திக்கலாகக் காண்கிறது.

உலாவியை ஆக்குவோர் இதற்கு ஒரு வழி கண்டார்கள். முன்னமே வரைந்து வைத்த பகுதியை நகர்த்தும் வேலைக்குத் தனியாக ஒரு பணியாளனை அமர்த்தினார்கள். நிரல் தன் வேலையில் மூழ்கியிருந்தாலும், இப்பணியாளன் பக்கத்தை நகர்த்திக்கொண்டே இருப்பான். ஆனால் இதிலும் ஒரு முடிச்சு. ‘விரல் அசையும்போதெல்லாம் முதலில் என்னைக் கேள், உருட்டலை நான் தடுத்தாலும் தடுப்பேன்’ என்று சில பக்கங்கள் முன்கூட்டியே சொல்லி வைக்கின்றன. அவற்றில் பணியாளன் விடைக்காகக் கைகட்டிக் காத்திருக்கத்தான் வேண்டும். ‘நான் தடுக்க மாட்டேன்’ என்று பக்கம் உறுதி கூறும் ஏற்பாடு 2016-இல் குரோம் உலாவியில் வந்தது. பக்கம் முழுவதற்கும் பொதுவாக அமைந்த தொடுகைகளுக்கு, அவ்வுறுதியைத் தானே எடுத்துக்கொள்ளும் முறை 2017-இல் வந்தது. இத்துணை ஏற்பாடுகளுக்குப் பின்னரும் தளத்துக்குத் தளம் வேறுபாடு இருப்பதற்கு, பக்கத்தை எழுதியவரின் கவனமும் கவனமின்மையுமே காரணம்.

இன்னொரு தொல்லை, படித்துக்கொண்டிருக்கும் வரி திடீரென்று கீழே குதித்து ஓடுவது. பக்கத்தின் மேற்பகுதியில் ஒரு படமோ விளம்பரமோ தாமதமாக வந்து சேர்கிறது. அதன் அகலமும் உயரமும் இவ்வளவு என்று பக்கத்தை எழுதியவர் முன்னரே குறித்திருந்தால், உலாவி அதற்கு இடம் விட்டு வைத்திருக்கும். குறிக்கவில்லையாதலால், வந்த விருந்தாளி அமர்ந்திருப்பவர்களையெல்லாம் தள்ளிவிட்டு நடுவே உட்காருகிறது. நாம் ஒரு பொத்தானைத் தொடப் போகும் நேரத்தில் இது நிகழ்ந்தால், விரல் விளம்பரத்தின் மேல் விழும். படிக்கும் வரியை நங்கூரம் போல் பிடித்து நிறுத்தும் வசதியை 2017-இல் குரோமும் 2019-இல் பயர்பாக்ஸும் சேர்த்துக்கொண்டன. அது பெரும்பாலும் உதவும். எப்போதும் உதவும் என்று சொல்வதற்கில்லை. பக்கம் முழுவதும் வந்து சேரும்வரை சில நொடிகள் பொறுத்திருப்பதே எளிய மருந்து.

இவை பக்கத்தின் குற்றங்கள். இனி, உலாவியும் பக்கமும் குற்றமற்றிருக்க, நம் கையிலேயே குற்றம் இருக்கும் இடங்களைச் சொல்கிறேன்.

சுட்டெலியின் நடுவே உள்ள சக்கரம், 1996-இல் மைக்ரோசாப்ட் வெளியிட்ட இன்டெலிமவுஸ் மூலம் உலகெங்கும் பரவியது. அச்சக்கரம் எத்தனை படி திரும்பியது என்பதை உள்ளே ஓர் உணர்வி எண்ணிச் சொல்கிறது. அதில் தூசி படிந்தாலோ, அது தேய்ந்தாலோ, எண்ணிக்கை தவறுகிறது. கீழே உருட்டினால் பக்கம் இரண்டு அடி கீழே போய் ஓர் அடி மேலே வருமாயின், உலாவியின் மேல் பழி போடுவதற்கு முன் எலியை மாற்றிப் பாருங்கள்.

அச்சக்கரத்துக்கு இன்னொரு தொழிலும் உண்டு. அதனை உருட்டாமல் அழுத்தினால், விண்டோஸ் கணினிகளில் அம்புக்குறியுள்ள சிறு வட்டம் ஒன்று திரையில் தோன்றும். பின்னர் எலியை எந்தப் பக்கம் நகர்த்தினாலும் பக்கம் அந்தப் பக்கமே ஓடும். பேய் பிடித்தாற்போல் தானே ஓடுகிறது என்று அஞ்சுவோர் உண்டு. மறுபடி ஒருமுறை சொடுக்கினால் நின்றுவிடும்.

சக்கரத்தை உருட்டும்போது பக்கம் நகராமல் எழுத்துகள் பெரிதும் சிறிதுமாக மாறுகின்றனவா? விசைப்பலகையில் கண்ட்ரோல் விசை சிக்கிக்கொண்டிருக்கிறது. மேல், கீழ் அம்பு விசைகளை அழுத்தும்போது பக்கம் நகராமல் வரிகளுக்கிடையே ஒரு கோடு மட்டும் மினுக்கிக்கொண்டு நகர்கிறதா? யாரோ எப்-7 விசையை அழுத்தியிருக்கிறார்கள். எழுத்துகளினூடே சுட்டியை நடத்திச் செல்லும் வசதி அது. பார்வைக் குறைவுள்ளோருக்கும், எலியைப் பிடிக்க இயலாதோருக்கும் மிகவும் பயன்படுவது. மீண்டும் எப்-7-ஐ அழுத்தினால் விலகிவிடும்.

காரணம் எங்கே இருக்கிறது என்று பிரித்தறிவது எப்படி? கையில், உலாவியில், பக்கத்தில் என்று மூன்று இடங்கள் நமக்கு எதிரே இருக்கின்றன. முதலில், அதே உலாவியில் எளிய பக்கம் ஒன்றைத் திறந்து உருட்டிப் பாருங்கள். அங்கே நன்றாக ஓடினால் குற்றம் பக்கத்தில் இருக்க வாய்ப்பு மிகுதி. அங்கும் விக்கினால், சக்கரத்தை விட்டுவிட்டு இடைவெளி விசையை அழுத்துங்கள். பக்கம் ஒரு திரை அளவு கீழே போகும். ஷிப்ட் விசையோடு சேர்த்து அழுத்தினால் மேலே வரும். விசைக்கு அடங்கும் பக்கம் சக்கரத்துக்கு அடங்காவிடில், ஐயம் எலியின் மேல் விழுகிறது. இரண்டுக்குமே அடங்காவிடில், மறைநிலைச் சாளரத்தைத் திறந்து அதே பக்கத்தைப் பாருங்கள். நாம் உலாவியோடு சேர்த்துக்கொண்ட நீட்சிகள், தனியே இசைவு தந்தாலன்றி, அச்சாளரத்தில் இயங்குவதில்லை. அங்கே பக்கம் செவ்வையாக ஓடினால், நீட்சிகளுள் ஒன்றே குற்றவாளி என்று ஐயுறலாம். பழைய சாளரம் அப்படியே திறந்திருப்பதால், இச்சோதனையில் நமக்கு இழப்பு ஏதும் இல்லை.

நீட்சிகள் பதினாறு இருந்தால், ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்க்க வேண்டுவதில்லை. முதல் எட்டை நிறுத்துங்கள். தொல்லை தீர்ந்தால் குற்றவாளி அந்த எட்டினுள். தீராவிடில் மற்ற எட்டினுள். எட்டை நாலாக்கி, நாலை இரண்டாக்கி, நாலே சோதனையில் ஆளைப் பிடித்துவிடலாம். கணிதம் படிக்கும் மாணவர்களுக்கு இதன் அழகை நான் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. குற்றவாளி ஒன்றே என்று கொண்டால் மட்டுமே இம்முறை செல்லும் என்பதையும் அவர்கள் உடனே கண்டுகொள்வார்கள். ஒரு வேளையில் ஒரு மாற்றமே செய்ய வேண்டும். நீட்சியையும் நிறுத்தி, உலாவியையும் புதுப்பித்து, எலியையும் மாற்றிவிட்டால் தொல்லை தீரலாம். எதனால் தீர்ந்தது என்பது தெரியாது. அடுத்த முறை வரும்போது முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

நீட்சிகளும் குற்றமற்றவை என்று தெளிந்தால், அமைப்புகளில் வன்பொருள் முடுக்கம் என்னும் ஏற்பாட்டை ஒருமுறை நிறுத்தியும் இயக்கியும் பார்க்கலாம். வரையும் வேலையைக் கணினியின் வரைகலைச் சில்லிடம் ஒப்படைப்பது அது. பழைய கணினிகளில் சில்லுக்கும் உலாவிக்கும் ஒத்துப்போகாமல் திரை நடுங்குவது உண்டு.

இனிப் பதிவிறக்கத்துக்கு வருவோம். இங்கே நான்காவதாக ஓர் இடம் சேர்ந்துகொள்கிறது. கோப்பு வரும் வழியும், அதனை அனுப்பும் சர்வரும் நம் வீட்டுக்கு வெளியே இருப்பவை. ஆகவே பொறுமை இன்னும் சிறிது அதிகம் வேண்டும்.

முதலில் ஒரு மயக்கத்தை நீக்கிவிடுகிறேன். ‘40 மெகாபிட் வேகம் என்று சொல்லித்தான் காசு வாங்கினார்கள், உலாவியோ 5 என்று காட்டுகிறதே, ஏமாற்று அல்லவா?’ என்று கேட்போர் பலர். இணைப்பைத் தருவோர் பிட் கணக்கில் பேசுகிறார்கள். உலாவி பெரும்பாலும் பைட் கணக்கில் காட்டுகிறது. 8 பிட் சேர்ந்தது ஒரு பைட். 40-ஐ 8-ஆல் வகுத்தால் 5. கணக்குச் சரியே.

கோப்பு ஒரே பொருளாக நம்மிடம் வருவதில்லை. சிறு சிறு பொட்டலங்களாகப் பிரிந்து வந்து, இங்கே வரிசையாகச் சேர்க்கப்படுகிறது. வழியில் தொலைந்த பொட்டலம் மீண்டும் அனுப்பப்படும். இவ்வேற்பாட்டில் ஒரு காலத்தில் பெரிய விபரீதம் விளைந்தது. 1986-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம், அமெரிக்காவில் லாரன்ஸ் பெர்க்லி ஆராய்ச்சிக் கூடத்துக்கும் பெர்க்லியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்துக்கும் இடையே இருந்த தொடர்பு, நொடிக்கு 32,000 பிட் என்ற வேகத்திலிருந்து 40 பிட் என்ற வேகத்துக்கு வீழ்ந்துவிட்டது. 800-இல் ஒரு பங்கு! இரண்டு இடங்களுக்கும் இடையே உள்ள தொலைவோ 400 கஜம். ஓர் ஆள் கடிதத்தைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தே போய்க் கொடுத்திருக்கலாம்.

வான் ஜேக்கப்சன் என்னும் அறிஞர் இதன் காரணத்தை ஆராய்ந்தார். பாதையில் நெரிசல் ஏற்பட்டுப் பொட்டலங்கள் தாமதமானபோது, அனுப்பும் கணினிகள் அவை தொலைந்துவிட்டன என்று கருதி மீண்டும் மீண்டும் அனுப்பின. நெரிசலுக்கு மருந்தாக மேலும் நெரிசல்! 1988-இல் அவர் வெளியிட்ட கட்டுரையில் இதற்குத் தீர்வு சொன்னார். தொடக்கத்தில் சிறிதளவே அனுப்ப வேண்டும்; பெற்றுக்கொண்டோம் என்ற செய்தி வர வர அளவை விரைவாகக் கூட்ட வேண்டும்; பொட்டலம் தொலைந்தால் உடனே அளவைக் குறைக்க வேண்டும். இன்றைய பதிவிறக்கங்கள் பலவற்றிலும் இக்கொள்கையின் கை இருக்கிறது. தொடங்கியவுடன் வேகம் குறைவாக இருந்து பின்னர் ஏறுவதும், கம்பியில்லா இணைப்பில் அலை தடுமாறும்போது வேகம் சட்டென்று விழுவதும் இதனாலேயே. ‘இன்னும் 3 நிமிடம்’ என்று காட்டிய உலாவி அடுத்த கணம் ‘இன்னும் 2 மணி நேரம்’ என்பதும் பொய்யன்று. சற்று முன் கண்ட வேகத்தைக் கொண்டு அது போட்ட கணக்கு. அதனை நம்பிக் கவலைப்படவும் வேண்டாம், களிக்கவும் வேண்டாம்.

பதிவிறக்கம் பாதியில் நின்றுவிட்டால் பலர் செய்வது என்ன? நின்றதை அழித்துவிட்டு, இணைப்பை மறுபடி சொடுக்குகிறார்கள். 700 மெகாபைட் கோப்பில் 650 வந்த பின் நின்றதென்றால், நாளொன்றுக்கு அளந்து கொடுக்கப்படும் கைப்பேசித் தரவில் பெரும்பகுதி வீணாயிற்று. இது வேண்டாத இழப்பு. விட்ட இடத்திலிருந்து தொடர்வதற்கு 1997-இல் வெளியான எச்.டி.டி.பி. விதித்தொகுப்பிலேயே வழி வகுக்கப்பட்டிருக்கிறது. ‘650-ஆவது மெகாபைட்டுக்குப் பிறகு உள்ளதை மட்டும் தருக’ என்று உலாவி கேட்கலாம். இசையும் சர்வர், 206 என்னும் எண்ணோடு அப்பகுதியை மட்டும் அனுப்பும். ஆகவே பதிவிறக்கப் பட்டியலைத் திறந்து, ‘தொடர்க’ என்னும் பொத்தானை முதலில் நாடுங்கள். விண்டோஸ் கணினியில் குரோமிலும் பயர்பாக்ஸிலும் கண்ட்ரோல் விசையோடு ‘ஜே’ விசையை அழுத்தினால் பட்டியல் வரும். பாதி இறங்கிய கோப்புக்குக் குரோம் தனிப் பெயர்வால் ஒன்று சூட்டி வைக்கும். பயர்பாக்ஸ் ‘பார்ட்’ என்று வால் வைக்கும். அதனைக் குப்பை என்று கருதி நீக்கினால், தொடரும் வழி அடைபட்டுவிடும். எல்லாச் சர்வர்களும் இதற்கு இசைவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சில தளங்கள் தரும் இணைப்பு சிறிது நேரமே உயிரோடிருக்கும். அந்நேரம் கடந்தபின் புதிய இணைப்புப் பெற்றுத் தொடங்குவதைத் தவிர வேறு வழியில்லை.

மிகவும் ஏமாற்றம் தருவது, கோப்பு முழுவதும் இறங்கிவிட்டதாகக் காட்டியும் திறக்காமல் இருப்பது. நுழைவுச் சீட்டைப் பதிவிறக்குகிறோம்; ‘இக்கோப்பு பழுதுற்றது’ என்று விடை வருகிறது. பத்து முறை இறக்கினாலும் அதே விடை. இங்கே பார்க்க வேண்டியது கோப்பின் அளவு. படமும் எழுத்தும் உள்ள கோப்பு நூற்றுக்கணக்கான கிலோபைட் இருக்க வேண்டிய இடத்தில் 6 அல்லது 7 கிலோபைட்டே இருந்தால், வந்தது நுழைவுச் சீட்டாக இல்லாமல் வேறு ஏதோ ஒன்றாக இருக்கக்கூடும். உங்கள் உள்நுழைவின் காலம் தீர்ந்திருக்கும்; சர்வர் ‘மீண்டும் உள்நுழைக’ என்னும் பக்கத்தை அனுப்பியிருக்கும்; உலாவி அதனையே நீங்கள் கேட்ட பெயரில் சேமித்திருக்கும். உறைமேல் பெயர் ஒன்று, உள்ளே கடிதம் வேறு.

இதனைச் சோதிக்க எளிய வழி உண்டு. கோப்பை எழுத்துத் திருத்தியில் திறந்து முதல் வரியைப் பாருங்கள். உண்மையான பி.டி.எப். கோப்பாயின், தொடக்கத்தில் விழுக்காட்டுக் குறியும் அதனை அடுத்துப் ‘பி.டி.எப்.’ என்னும் மூன்று ஆங்கில எழுத்துகளும் நிற்கும். ஜிப் கோப்பாயின் முதல் இரண்டு எழுத்துகள் ‘பி’, ‘கே’. ஜிப் முறையை வகுத்த பில் கேட்ஸ் என்பவரின் பெயரின் முதலெழுத்துகள் அவை. மைக்ரோசாப்ட் நிறுவனத்தைத் தோற்றுவித்த பில் கேட்ஸ் வேறு, இவர் வேறு. தமிழில் எழுதும்போது இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. அவ்வடையாளங்கள் இல்லாமல் ‘எச்.டி.எம்.எல்.’ என்ற எழுத்துகள் காணப்பட்டால், வந்தது இணையப் பக்கமே என்று தெளியலாம். மறுபடி உள்நுழைந்து இறக்கினால் பெரும்பாலும் சரியான கோப்பு வந்துவிடும்.

கோப்பைப் பென் டிரைவில் நேரே இறக்குவோர்க்கு ஒரு குறிப்பு. பென் டிரைவில் 20 கிகாபைட் இடம் காலியாக இருக்கும்; 5 கிகாபைட் கோப்போ ‘இடம் போதாது’ என்று நின்றுவிடும். எப்.ஏ.டி.-32 என்னும் பழைய முறையில் ஒழுங்கு செய்யப்பட்ட பென் டிரைவில், ஒரு கோப்பின் அளவு 4,29,49,67,295 பைட்டைத் தாண்டலாகாது என்பது விதி. அதாவது 4 கிகாபைட்டுக்கு ஒரு பைட் குறைவு. பெட்டியில் இடம் இருந்தும் பொருள் பெரிதாதலால் வாயில் நுழையவில்லை.

தமிழ்ப் பெயருள்ள கோப்புகளுக்கு உரிய தொல்லை ஒன்று இருக்கிறது. ஆங்கிலம் மட்டும் வழங்குவோர் இதனை அறியமாட்டார். யூனிகோடு முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும், இணையத்தில் பெரிதும் வழங்கும் வடிவில், 3 பைட் இடம் கொள்கிறது. ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும். ‘தமிழ்’ என்னும் சொல் நமக்கு மூன்று எழுத்து. கணினிக்கோ அது, தகரம், மகரம், இகரக் குறி, ழகரம், புள்ளி என 5 குறியீடுகள். ஆக 15 பைட். லினக்ஸ் கணினிகளிலும் பெரும்பாலான ஆண்டிராய்டு கைப்பேசிகளிலும் ஒரு கோப்பின் பெயர் 255 பைட்டுக்கு மேற்படலாகாது. 255-ஐ 3-ஆல் வகுத்தால் 85. உரையாசிரியர் பெயர், பதிப்பாசிரியர் பெயர் எல்லாவற்றையும் கோத்து நீண்ட பெயர் சூட்டிய பழைய இலக்கிய நூலொன்று, விண்டோஸ் கணினியில் நன்றாக இருந்துவிட்டுக் கைப்பேசிக்கு வரும்போது ஏற மறுப்பதற்கு இது காரணமாகலாம். பெயரைச் சுருக்கினால் வந்துவிடும். கோப்பின் பெயர் விழுக்காட்டுக் குறிகளும் எண்களுமாக நீண்டு தோன்றினாலும் அஞ்ச வேண்டாம். நம் தமிழ்தான் அவ்வேடத்தில் வந்திருக்கிறது. உள்ளடக்கத்துக்கு ஊறில்லை, பெயரை மாற்றிக்கொள்ளலாம்.

சில வேளை உலாவியே பதிவிறக்கத்தைத் தடுக்கும். பாதுகாப்பான பக்கத்திலிருந்து பாதுகாப்பற்ற வழியாகக் கோப்பு வருமாயின், அதனை எச்சரித்துத் தடுக்கும் ஏற்பாட்டை 2020 முதல் குரோம் படிப்படியாகக் கொண்டு வந்தது. ‘வைத்துக்கொள்’ என்னும் பொத்தானை அவசரத்தில் அழுத்துவதை நான் ஆதரிக்கமாட்டேன். 2016-ஆம் ஆண்டு பிப்ரவரி 20-ஆம் நாள், லினக்ஸ் மின்ட் என்னும் இயங்குதளத்தின் வலைத்தளத்துக்குள் புகுந்த கயவர்கள், அங்கிருந்த பதிவிறக்க இணைப்பை மாற்றி, கள்ளவழி வைத்த போலிக் கோப்பை நோக்கித் திருப்பிவிட்டார்கள். அன்று அதனை இறக்கியவர்கள் சரியான தளத்துக்குத்தான் போயிருந்தார்கள், உலாவியிலும் குறையில்லை.

இத்தகைய மாற்றத்தைக் கண்டுபிடிக்கவே, பெரிய கோப்புகளை வெளியிடுவோர் அவற்றோடு ஒரு சரிபார்ப்பு எண்ணையும் வெளியிடுகிறார்கள். எஸ்.எச்.ஏ.-256 என்னும் முறையில் இது 64 இலக்கம் கொண்டது. கோப்பில் ஒரே ஒரு எழுத்து மாறினாலும் இவ்வெண் முற்றிலும் வேறாகிவிடும். விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் இதனைக் கணிக்கும் கட்டளை கூடவே இருக்கிறது. கணித்த எண்ணும் வெளியிட்ட எண்ணும் ஒத்தால், கோப்பு குறைவின்றி வந்தது என்று கொள்ளலாம். தளத்தையே பிடித்துக்கொண்ட திருடன் எண்ணையும் மாற்றிவிடக்கூடுமாதலால், கூடுமாயின் அவ்வெண்ணை வேறோர் இடத்திலும் ஒத்துப் பார்ப்பது நலம். வழியில் சிதைந்த பதிவிறக்கத்தையும் இச்சோதனை காட்டிக் கொடுக்கும்.

எல்லாச் சோதனையும் செய்தாயிற்று. வேறு உலாவியிலும், வேறு இணைப்பிலும் அதே குறை நிற்கிறது. இப்போதுதான் உலாவியின் சேமிப்பை அழிக்கும் எண்ணத்துக்கு இடம் கொடுக்கலாம். அதிலும் வேறுபாடு உண்டு. ‘கேஷ்’ எனப்படும் தற்காலிகச் சேமிப்பை அழித்தால், படங்கள் மறுபடி இறங்க வேண்டும், அவ்வளவே. ‘குக்கி’களை அழித்தால் எல்லாத் தளங்களிலிருந்தும் வெளியேறிவிடுவீர்கள். கடவுச்சொற்களுக்கு எதிரே உள்ள கட்டத்தில் குறியிடுவதற்கு இங்கே தேவை எழுவதே இல்லை. ஒரே தளத்தில்தான் தொல்லை என்றால், அத்தளத்துக்கு உரிய சேமிப்பை மட்டும் அழிக்கவும் உலாவிகள் இடம் தருகின்றன.

அதற்கும் அடங்காத குறை பெரும்பாலும் சர்வரைச் சேர்ந்தது. நாம் செய்யக்கூடியது, தளத்தை நடத்துவோருக்கு எழுதுவது ஒன்றே. ‘உங்கள் தளம் வேலை செய்யவில்லை’ என்று எழுதினால் அவர்களால் ஒன்றும் செய்ய இயலாது. பக்கத்தின் முகவரி, உலாவியின் பெயரும் பதிப்பு எண்ணும், தோன்றிய பிழைச் செய்தி எழுத்துக்கு எழுத்து, நிகழ்ந்த நாளும் மணியும், நீங்கள் செய்து பார்த்த சோதனைகளும் அவற்றின் விளைவுகளும் ஆகிய இவற்றை எழுதித் திரைப்படம் ஒன்றையும் பிடித்து இணையுங்கள். கடைசி நாள் குறித்த விண்ணப்பமாயின், அக்கடிதம் கெடு முடிவதற்கு முன்னரே புறப்பட்டிருக்க வேண்டும். அதன் படி ஒன்று உங்கள் கையிலும் இருக்கட்டும்.